இரண்டு சத்தியக்கடதாசிகளும் ஓர் ஈரலும்

போன மாதம் எங்கள் மாவட்ட வைத்தியசாலையில் ஈரல் நோயாளருக்கென்று தனிக் கிளினிக் ஒன்று திறந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பேச்சு வேண்டுமென்று இளம் டொக்டர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கேட்டார். தலைப்பு, "ஆவணங்களின் முக்கியத்துவம்". மன்னார் மாவட்டத்திலேயே அந்தத் தலைப்பில் வாய் திறக்கக்கூடாத ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. போய், நல்ல பிள்ளை மாதிரி இருபது நிமிடம் பேசி, ஒரு பூமாலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனம் கேட்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. உதவி வைத்திய அதிகாரி. ஊர்ப்பேச்சில் அப்போதிக்கரி. படித்தது மூன்று வருடம், பயிற்சி ஒரு வருடம், பிறகு யுத்தம் எங்கெங்கே துரத்தியதோ அங்கெல்லாம் ஒரு மேசையும் ஒரு தராசும் வைத்து மருந்து கொடுத்தது. அதைப்பற்றி இவ்வளவு போதும்.

மீள்குடியேற்றம் தொடங்கியபோது என்னை இலுப்பைக்கடவைக்கு வடக்கே கரையோர வீதியில் இருந்த ஒரு சிறு வைத்தியசாலைக்குப் போட்டார்கள். கூரை வருமுன்னர் அதற்குப் பெயர்ப்பலகை வந்தது. மின்சாரம் வருமுன்னர் குளிர்சாதனப்பெட்டி வந்தது. திறப்பு விழா மூன்று தடவை நடந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு பெரிய மனிதர். நாடா வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் கொடுத்தது மட்டும் மூன்று தடவையும் நான்தான். அது காயத்துக்குத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். விழா முடிந்ததும் கழுவி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் சனத்துக்கு மருந்தைவிடக் கடதாசிதான் அவசரமாகத் தேவைப்பட்டது. பிறப்புச் சாட்சிப்பத்திரம் பங்கருக்குள் உக்கிப் போனவர்கள், கலியாணப் பதிவு எரிந்தவர்கள், காணி உறுதியைக் கடலில் விட்டவர்கள் என்று எல்லோரும் தாங்கள் தாங்கள்தான் என்பதை நிரூபிக்க அலைந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு ஜே.பி., அதாவது சமாதான நீதவான். என்னிடம் ஒரு வட்ட முத்திரை இருந்தது. சத்தியம் செய்து எழுதுகிற கடதாசியின் அடியில் அந்த முத்திரையைக் குத்திக் கையெழுத்து வைத்தால் அது சத்தியக்கடதாசி, அரசாங்கக் கந்தோர்க்காரர் மறுபேச்சில்லாமல் ஏற்பார்கள். காலையில் காய்ச்சல் பார்த்தேன், பின்னேரம் முத்திரை குத்தினேன். காய்ச்சலுக்கு வந்தவர்களும் போகும்போது ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலருக்கு அதிலேயே காய்ச்சல் விட்டது.

பெரியமடுவில் இருந்து தெய்வானை அக்கா வந்தது அப்போதுதான். அவவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் நடராசா, இளையவன் தவராசா. இரண்டு பேரும் கலியாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு ஒரே தகரக் கொட்டிலுக்குள் இருந்தார்கள். மீள்குடியேறியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டுத்திட்டத்தின் விதி என்னவென்றால், யுத்தத்துக்கு முன்னர் காணியில் ஒரு வீடு இருந்ததென்றால் இப்போதும் ஒரு வீடுதான். இடையில் இருபது வருடம் போனது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், கலியாணம் கட்டினார்கள் என்பதெல்லாம் விதிக்குத் தெரியாது.

"தம்பி, தவத்தை வேற ஆக்கள்ர பிள்ளை எண்டு எழுதித் தாங்கோ," என்றா.

"என்ன அக்கா கதைக்கிறியள்? பெத்த தாய் சொல்லுற கதையே இது?"

"பெத்தது எனக்குத் தெரியும். வீடு குடுக்கிறவனுக்கு ஏன் தெரியவேணும்?"

கிராமத்துக்குப் பொறுப்பான விதானையாரும் கடதாசிக்கு மேல் விசாரிக்காத மனிதர். வெள்ளாங்குளத்தில் கந்தையா என்று ஒருவர் இருந்தார், கலியாணமே கட்டாதவர், கடைசி வருடத்தில் ஷெல் விழுந்து வீட்டோடு போய்விட்டார். தவராசா அந்தக் கந்தையாவின் ஒரே மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவர், பெரியமடு நடராசா குடும்பத்துக்கு எந்த விதத்திலும் இரத்த உறவு அல்லர், இது என் சொந்த அறிவுக்கு எட்டிய உண்மை என்று எழுதி முத்திரை குத்தினேன். கந்தையாவின் வீட்டுக்குப் பதிலாகத் தவராசாவுக்கு ஒரு வீடு கிடைக்கும், செத்த மனிதர் எழும்பி வந்து மறுக்கப் போவதில்லை. அந்தக் கடதாசியை வைத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த நடமாடும் பதிவுச் சேவையில் தவராசாவுக்குப் புதுப் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் எடுத்தார்கள். முப்பத்தைந்து வயதில் அவன் வேறு தகப்பனுக்குப் பிறந்தான்.

மறுநாள் தெய்வானை அக்கா ஒரு சேவலைக் கால் கட்டிக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனா. நல்ல சேவல். நான் மட்டும் செய்ததல்ல, அந்த நேரம் பாதிச் சனம் அப்படித்தான் தகப்பனை மாற்றி வீடு எடுத்தது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கறியைச் சாப்பிட்டேன்.

மூன்று வருடம் போனது. நடராசாவின் வீடு முடிந்தது. தவராசாவின் வீடு சுவர் மட்டத்துக்கு எழும்பிக் கூரைக்குக் காத்திருந்தது. அப்போதுதான் நடராசா கால் இரண்டும் வீங்கி, கண் மஞ்சளாகி என்னிடம் வந்தார்.

ஈரல் என்றதும் ஊர் முடிவு கட்டிவிட்டது, குடி. நடராசா கள்ளை மூக்கால் மணந்தும் பார்க்காதவர். உண்மையான குடிகாரர் நாலு பேர் அவரைப் பார்க்க வந்து, "அண்ணை, அளவோட குடிச்சிருக்கலாம்," என்று தலையை ஆட்டிவிட்டு நேரே கள்ளுக் கொட்டிலுக்குப் போனார்கள். அவர்களுடைய ஈரல் நாலும் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது. இவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. முகாம் முகாமாக இடம்பெயர்ந்த வருடங்களில் மருந்தில்லாமல் கிடந்து, ஈரலில் கொழுப்புப் படிந்து, கொழுப்பு தழும்பாகி, ஈரலே சுருங்கிப் போயிருந்தது.

மாதத்துக்கு ஒருமுறை மன்னார்த் தீவில் இருந்து பாலம் தாண்டி டொக்டர் பொன்னுத்துரை எங்கள் கிளினிக்குக்கு வருவார். என் மேலதிகாரி. அவரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. கதிரையில் சாயாமல் இருப்பார். பால் விடாத தேத்தண்ணி, சீனி தனியாக. நோயாளியின் நகத்தைத்தான் முதலில் பார்ப்பார், முகத்தைப் பிறகு. நாங்கள் எழுதிய கொப்பியில் பிழை கண்டால் அதைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளி, "நீர் எழுதினதை நீரே வாசியும்," என்பார். அவ்வளவுதான். "இரவு நன்றாகத் தூங்கினார்" என்று இறந்துபோன ஒருவரைப்பற்றி நான் எழுதியிருந்ததை ஒருமுறை இரண்டு தரம் வாசித்திருக்கிறேன்.

அவர் நடராசாவை ஸ்கானுக்கு அனுப்பினார். சுருங்கிய ஈரலுக்குள் தேசிக்காய்க்குக் கொஞ்சம் சின்னதாக ஒரு கட்டி. படம் ஒரு மாதிரியாக இருந்ததால் தெற்கே பெரிய வைத்தியசாலையில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். மறுமொழி வந்தது, கலப்பு வகைப் புற்றுநோய். அன்றைக்குக் கிளினிக்கில் டொக்டர் பொன்னுத்துரை நடராசாவை எதிரே இருத்தி, ஒரு கடதாசியில் வயல் மாதிரிக் கோடு கீறினார்.

"உம்மட ஈரலில ரெண்டு களை ஒரே பாத்தியில முளைச்சிருக்கு. ஒண்டு ஈரல்ர சொந்தக் கலத்தில வாறது. அது சின்னதா இருந்தால் முழு ஈரலையும் எடுத்துப்போட்டு வேற ஈரல் வைக்கலாம், நல்லா வரும். மற்றது பித்தக்குழாயில வாறது. அது பொல்லாதது. புது ஈரல் வைச்சாலும் திரும்பி வரப் பார்க்கும். அதுக்கு மாத்தமாட்டினம்."

"எனக்கு எது, சேர்?"

"ரெண்டும்."

நடராசா கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டியை மட்டும் வெட்டினால்?"

"மிச்ச ஈரல் அதைத் தாங்காது."

"அப்ப என்ன செய்யிறது?"

"புத்தகத்தில ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு. ஒரு கட்டி, சின்னக் கட்டி, வெளியில பரவயில்லை எண்டால் மாத்திப் பாக்கலாம் எண்டு சிலர். வேண்டாம் எண்டு பலர். நான் அந்தச் சிலரிட்ட எழுதிக் கேக்கிறன்."

அந்தச் சிலர் மூன்று நிபந்தனையோடு சம்மதித்தார்கள். முதலாவது, கட்டிக்குப் போகிற இரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி அதை அடக்கிவைத்து, மூன்று மாதம் பார்ப்பது. வளர்ந்தாலோ வெளியே போனாலோ கதை முடிந்தது. இரண்டாவது, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலை இவருக்குக் கொடுக்கமாட்டார்கள். வரிசையில் நிச்சயம் பிழைக்கக்கூடியவர்கள் காத்திருக்கும்போது நிச்சயமில்லாத கலப்பு வகைக்கு அதைக் கொடுப்பது நியாயமில்லை. ஆகவே உயிரோடு இருக்கும் ஒருவர்தான் தன் ஈரலில் பாதியைக் கொடுக்கவேண்டும். கொடுத்தவருக்கு மிச்சம் வளர்ந்துவிடும். மூன்றாவது, கொடுப்பவர் நெருங்கிய இரத்த உறவு என்பதை, ஈரல் மாற்ற அனுமதி கொடுக்கிற ஒழுக்கக் குழுவுக்கு ஆவணத்தோடு நிரூபிக்கவேண்டும். ஈரல் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இருக்கிற நாட்டில் அது சரியான விதிதான்.

தவராசா கேள்வியே கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய் இரத்தம் கொடுத்தான், ஸ்கான் எடுத்தான். எல்லாம் பொருந்தியது. உறவுக்கு ஆவணம் என்றதும் தெய்வானை அக்கா என்னிடம் வந்தா. நடராசாவும் தவராசாவும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த கூடப்பிறந்த சகோதரர்கள், இது என் சொந்த அறிவுக்கு எட்டிய உண்மை என்று எழுதி முத்திரை குத்தினேன். இந்தத் தடவை எழுதியது உண்மை என்ற சந்தோசத்தில் பழையதை மறந்தே போனேன்.

கடதாசி மறப்பதில்லை. குழுவின் எழுதுவினைஞர் தவராசாவின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைப் பார்த்தார், தகப்பன் பெயர் கந்தையா. அது எதை வைத்துப் பதிந்தது என்று தேடி என் முதல் கடதாசியைக் கண்டுபிடித்தார். இரண்டையும் இணைத்து டொக்டர் பொன்னுத்துரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதக் கிளினிக் முடிந்ததும் அவர் என்னை இருக்கச் சொன்னார். இரண்டு கடதாசியையும் பக்கம் பக்கமாக மேசையில் வைத்தார். ஒரே கையெழுத்து. ஒரே முத்திரை. என் முத்திரையில் ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு உண்டு, அதுகூட இரண்டிலும் விழுந்திருந்தது.

"நீர் எழுதினதை நீரே வாசியும்."

வாசித்தேன். "எந்த விதத்திலும் இரத்த உறவு அல்லர், இது என் சொந்த அறிவுக்கு எட்டிய உண்மை." மற்றதையும் வாசித்தேன். "கூடப்பிறந்த சகோதரர்கள், இது என் சொந்த அறிவுக்கு எட்டிய உண்மை."

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "உம்மட சொந்த அறிவு நல்லா வளர்ந்திருக்கு," என்றார்.

"சேர், இரத்தப் பரிசோதனையே சகோதரம் எண்டு காட்டுதே," என்றேன்.

"காட்டுது. ஆனால் எதிரா ஒரு சத்தியக்கடதாசி குழுவின்ர கோவையில கிடக்கு. எழுதினவரே நேரில வந்து அது பொய் எண்டு சொன்னால்தான் குழு மேல போகும். அடுத்த கூட்டம் ரெண்டு கிழமையில. அதை விட்டால் பிறகு ரெண்டு மாதம். கட்டி ரெண்டு மாதம் பார்த்துக்கொண்டு நிக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. போறதும் விடுறதும் உம்மட விருப்பம்."

எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம். பொய்ச் சத்தியம் செய்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தால் வேலை, பென்சன் எல்லாம் ஆட்டம் காணும். பயந்தேன். மூடி மறைக்காமல் சொல்கிறேன், மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் எனக்குக் காய்ச்சல் என்று எழுதித் தரவேண்டிய ஆளும் நான்தானே.

நாலாம் நாள் தவராசாவிடம் போனேன். அவன் கூரையில்லாத வீட்டுக்குள் நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தவம், நான் போய் உள்ளதைச் சொன்னால் உன்ர வீட்டுக்கும் வில்லங்கம் வரும். கூரைக்கு வாற காசு நிண்டுபோடும். யோசிச்சுச் சொல்லு."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "ஐயா, நான் ஈரலில பாதி குடுக்கப்போறன். நீங்கள் கூரையைப் பற்றிக் கேக்கிறியள்."

வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரமே டொக்டர் பொன்னுத்துரைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

குழுவில் ஐந்து பேர். நீளமான மேசை, எங்களுக்குத் தூரத்தில் மூன்று கதிரை. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், சிங்களவர், வலு மரியாதையான மனிதர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ஒரு பக்கத்தில் டொக்டர் பொன்னுத்துரை கதிரையில் சாயாமல் இருந்தார். எனக்கு அடுத்தாற்போல் தெய்வானை அக்கா, அவவுக்கு அடுத்ததாகத் தவராசா.

முதல் கடதாசி பொய், வீட்டுக்காக நான் எழுதியது, இரண்டாவதுதான் உண்மை என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை சத்தியம் செய்து பொய் சொன்னவர் நீங்கள்," என்றார் அவர். "இன்றைக்கும் சத்தியம் செய்கிறீர்கள். இரண்டில் இதுதான் உண்மை என்று நான் எப்படி நம்புவது?"

நான் இரண்டு கிழமையாகப் பாடமாக்கிக்கொண்டு போன பேச்சு ஒன்று இருந்தது. மனிதாபிமானம், யுத்தம், இடப்பெயர்வு எல்லாம் அதில் இருந்தது. ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"ஐயா, முதல் கடதாசிக்கு இவ எனக்கு ஒரு சேவல் தந்தவ," என்றேன். "ரெண்டாவதுக்கு ஒண்டும் தரயில்லை."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னார். முதலில் மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்த பெண் சிரித்தார், பிறகு மற்றவர்கள், கடைசியாகத் தலைவர். தமிழ் தெரிந்த டொக்டர் பொன்னுத்துரை மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் தெய்வானை அக்காவைப் பார்த்து, இந்த இருவரும் யார் பிள்ளைகள் என்று கேட்டார்.

அவ எழும்பினா. "ரெண்டும் நான் பெத்தது. மூத்தவன் சாகக் கிடக்கிறான், அவனுக்காக இளையவனை வெட்டக் குடுக்கிறன். வேற ஆற்றையாவது பிள்ளை எண்டால் நான் இப்பிடி வெட்டக் கொண்டுவருவனே?" என்று கேட்டா. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே அனுமதி எழுதினார்கள். அதே கையால் என்னைப்பற்றி அமைச்சுக்கு ஒரு கடிதமும் எழுதினார்கள், அதுவும் சரிதான்.

மூன்றாம் மாத ஸ்கானில் கட்டி சுருங்கியிருந்தது. ஒரு காலைப்பொழுதில் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோனார்கள். நானும் தெய்வானை அக்காவும் வெளியே மர வாங்கில் இருந்தோம். இடையில் ஒருமுறை, "தம்பி, இப்ப எந்தப் பிள்ளைக்கு நேர்த்தி வைக்கிறது?" என்று கேட்டா. ரெண்டு பேருக்கும் சேர்த்து வையுங்கோ அக்கா என்றேன். பொழுது சாயும்போதுதான் கதவு திறந்தது. இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள். நான் அழுதேன். அழுததை மறைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எடுத்த ஈரலை முழுதாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கட்டி, அதில் இரண்டு வகையும், இரத்தக்குழாய்க்குள் இறங்கவில்லை. இனிப் பயமில்லையா என்று சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்டேன். குழுவில் நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார்போல. "இந்த நோய் மாறிவிட்டதென்று நான் கையெழுத்து வைக்கமாட்டேன்," என்றார். "நீங்கள் வேண்டுமென்றால் ஒரு முத்திரை குத்துங்கள்."

அது முடியாது. என் முத்திரையை அதற்குள் பறித்துவிட்டார்கள். விசாரணை ஒன்று நடந்து, கண்டிப்புக் கடிதம் ஒன்று என் சேவைக் கோவையில் ஏறி, பென்சன் ஒருமாதிரித் தப்பியது. ஓய்வுபெற்ற அன்று பிரியாவிடையில் என்னுடையது அப்பழுக்கற்ற சேவை என்று மூன்று பேர் பேசினார்கள். டொக்டர் பொன்னுத்துரை பேச எழும்பவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "ரெண்டாவது கடதாசி நல்லா எழுதியிருந்தீர்," என்றார். மற்ற மூன்று பேச்சையும் மறந்துவிட்டேன். தவராசாவின் வீட்டுக்குக் கூரை வரவேயில்லை. உடம்பு தேறியதும் நடராசா கிடுகு பின்னித் தானே வேய்ந்து கொடுத்தார்.

ஆறு மாதத்துக்கொரு ஸ்கானாக வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் மறுமொழி வரும்வரை அந்த வீட்டில் உலை கொதிக்காது. இதுவரை அது திரும்பி வரவில்லை. போன மாதம் திறந்த புதுக் கிளினிக்கில் முதல் இலக்கத் துண்டு நடராசாவுக்குத்தான்.

நான் பேச்சு முடித்து வீட்டுக்கு வந்து மாலையைக்கூடக் கழற்றவில்லை, படலையில் தெய்வானை அக்கா. கூன் விழுந்துவிட்டது. கையில் கால் கட்டிய சேவல்.

"மூத்தவனுக்கு இந்த முறையும் ஒண்டும் இல்லையாம் தம்பி. இந்தாங்கோ."

"வேண்டாம் அக்கா. இதை வாங்கினால் ரெண்டாவது கடதாசியும் பொய்யாப் போயிடும்."

அவ கொஞ்ச நேரம் என்னையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு மெல்லக் குனிந்து கட்டை அவிழ்த்துவிட்டா. சேவல் செட்டையை அடித்துக்கொண்டு என் முற்றத்தில் மேயத் தொடங்கியது.

"நான் தரயில்லை," என்றா. "அது தானா வந்தது எண்டு எழுதுங்கோ."

முத்திரை மட்டும் கையில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே எழுதிக் குத்தியிருப்பேன்.